கையெழுத்துப் போட்ட வாசகர்கள்

தடை செய்த புத்தகத்தைக் கள்ளத்தனமாகப் படிக்கிறவர்கள், படித்ததற்குக் கையெழுத்துப் போட்டு வைப்பார்களா? நாங்கள் போட்டோம். தேதி எழுதி, பக்க எண் எழுதி, கருத்து எழுதி, அதற்குக் கீழே ஆளுக்கொரு கையெழுத்து. பத்தொன்பது மாதம், பத்தொன்பது புத்தகம். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடை என்னுடையது. தையற்கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, உடை மாற்றிப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை. மாதக் கடைசி ஞாயிறு மதியம் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு ஐந்து பேர் உட்காருவோம். பேச்சுச் சத்தம் வெளியே போகாமலிருக்க, ஒரு மெஷின் மட்டும் நூல் கோர்க்காமல் ஒரு பழந்துணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மிதிப்பது ஓட்டுநர் தம்பி. பேருந்து ஓட்டுகிறவர். காலைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார அவரால் முடியாது. தெருவில் போகிறவர்களுக்கு, பாவம் இந்தப் பொம்பளை ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிறாள் என்று தோன்றும்.

கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. பக்க எண் சொல்லாமல் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அதை வைத்தது நான். பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "கொஞ்சம் லூசா தைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் ஆயுசில் பாதியைத் தொலைத்தவள் நான். எத்தனை இஞ்சு என்று சொல்லு. எந்தப் பக்கம் என்று சொல்லு. அவ்வளவுதான்.

இரண்டாவது விதி பேராசிரியருடையது. கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறவர். எங்களில் அழகாகப் பேசத் தெரிந்தவர் அவர்தான். "சொன்னதை எல்லாம் எழுதி வைக்கணும்மா. எழுதினா மட்டும் போதாது, அவங்கவங்க கையெழுத்தும் போடணும். நாளைக்கு வரலாறு கேக்கும், எல்லாரும் வாயை மூடிட்டு இருந்தப்ப யாரு படிச்சீங்கன்னு. அப்ப நீட்டுறதுக்கு ஒரு ஆதாரம் வேண்டாமா?" என்றார். எங்களுக்குப் புல்லரித்துப் போய்விட்டது. உயரமான ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தைப் பிள்ளையார் சுழிக்கு விட்டு, அதன் பின்பக்கத்திலிருந்து ஒன்று முதல் எண் போட்டு, வாடிக்கையாளர் அளவு நோட்டுகளோடு சேர்த்து அடுக்கி வைத்தேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம். பேசுவதை நான் எழுதுவேன். பேசியவர் கீழே கையெழுத்துப் போடுவார். பேராசிரியரின் கையெழுத்து இரண்டு வரியை அடைத்துக்கொள்ளும். சுழித்து, வளைத்து, கடைசியில் இரண்டு புள்ளி. ஓட்டுநர் தம்பி எழுத்துக்கூட்டி, வியர்க்க வியர்க்கப் பெயரையே முழுசாக எழுதுவார்.

நான்காவது ஆள் என் தங்கை. செவிலி. ஐந்தாவது ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் அடிக்கோடு. கால்சட்டை இடுப்பைத் தளர்த்த வந்தவர், மேசையில் நான் மறைக்க மறந்த ஒரு புத்தகத்தைப் பார்த்து, "இதுல கடைசி அத்தியாயம்தான் உயிர்" என்றார். தடை செய்த புத்தகத்தின் கடைசி அத்தியாயம் தெரிந்த மனுஷன் நம் ஆள்தானே என்று நினைத்து உள்ளே விட்டேன். ஏதோ அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற வேலை என்றார். என்ன கோப்பு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இரவல் புத்தகத்தில்கூட மெல்லிசாகப் பென்சிலால் கோடு போடாமல் இருக்க முடியாது அவருக்கு. கையெழுத்துக்குக் கீழேயும் ஒரு கோடு. அந்த ஆளைப் போல ஒரு வாசகரை நான் பார்த்ததில்லை என்று ஊர் முழுக்கச் சொல்ல முடியாததை என் தங்கையிடம் நூறு முறை சொல்லியிருப்பேன். என் வாயில் மண்ணைப் போட.

பத்தொன்பதாவது புத்தகம் என் தங்கை எழுதியது.

அப்போது அதற்குத் தடை இல்லை. தொண்ணூற்றாறு பக்கம், முந்நூறு பிரதி, அவள் சொந்தச் செலவு. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் பிரிவில் ஒருநாள் பகலில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. டீசலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று கேட்க ஆள் இல்லை. நாற்பது நிமிடம். ஏழு குழந்தைகள் போய்விட்டன. முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: மூச்சுக்கருவி நின்றதும் காற்றுப்பையை வைத்துக் கையால் அழுத்த வேண்டும், ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் வேண்டும், அறையில் நாங்கள் இரண்டு பேர், குழந்தைகள் ஒன்பது, எந்தக் குழந்தையின் பக்கம் போவது என்று நான்தான் முடிவு செய்தேன். அந்தப் பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. அழுகை, ஆவேசம் ஒன்றும் இல்லை.

அதைத்தான் அன்றைக்குப் பேசினோம். ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தாள். கருத்துச் சொல்லுங்கள், குறை இருந்தாலும் சொல்லுங்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடிக்கோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பக்கம் முப்பத்தொண்ணு. இது அத்தனையும் நிஜம். அன்னைக்கு டீசல் இல்லைங்கிற அறிக்கை எங்க அலுவலகத்துக்கே வந்துச்சு. நானே படிச்சேன். அதுக்கப்புறம் அந்தக் கோப்பைக் காணோம்." நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கீழே கோடும் போட்டார். என் தங்கை அன்றைக்கு நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

சரியாக மூன்று வாரம் கழித்துத் தடை ஆணை வந்தது. கூடவே மருத்துவமனையிலிருந்து இடைநீக்கக் கடிதம். ஆணை நான்கு தாள். முப்பத்தொன்று, நாற்பத்தைந்து, எழுபது, எண்பத்தெட்டு என்று பக்க எண் போட்டுக் குற்றம் சாட்டியிருந்தது. என் கடையில் நாங்கள் பேசிய அதே பக்கங்கள், அதே வரிசை. முப்பத்தொன்றுக்கு நேரே: "இத்தகைய மின்தடை எதுவும் நிகழ்ந்ததாகப் பதிவு இல்லை. பொதுமக்களிடம் வெறுப்பைத் தூண்டும் கற்பனை." நான்காவது தாளின் அடியில் 'ஆய்வு வாசகர்' என்று அச்சடித்து, அதற்கு மேலே ஒரு கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு.

என் தங்கை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது அவரோடது மாதிரியே இருக்கில்ல?" என்றாள். மாதிரியாம். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே அந்த ஆள் கடைக்கு வந்தார். தைக்கக் கொடுத்திருந்த இன்னொரு கால்சட்டையை வாங்கிக்கொண்டு போக. வெட்கம், மானம், ஒரு சின்னத் தயக்கம், எதுவும் இல்லை. நான் ஆணையை மேசையில் விரித்து வைத்தேன்.

"நீங்கதானா?"

"அலுவலகத்துல நான்தான் வாசகர்" என்றார். "வர்ற புத்தகத்தை எல்லாம் படிச்சுக் குறிப்பு எழுதிக் குடுக்கணும். இருபத்திரெண்டு வருஷமா பாக்குறேன்."

"அப்ப நாங்க படிச்ச பதினெட்டும்?"

"பாதிக்கு மேல என் குறிப்புதான். அதனாலதான் இங்க வந்தேன். அங்க படிச்சா பேசறதுக்கு ஆளு கிடையாதும்மா. அது வேலை. இது வாசிப்பு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. "என் தலையில அடிச்சுச் சொல்லுங்க, அவ புத்தகத்தை அங்க கொண்டு போனது யாரு?"

"எப்படியும் வந்திருக்கும். வேற எவனாவது படிச்சிருந்தா ஜெயிலுக்கே எழுதிக் குடுத்திருப்பான். நான் தடையோட நிறுத்திட்டேன். நியாயமா நீங்க எனக்கு நன்றி சொல்லணும். தங்கச்சி ரொம்ப நல்லா எழுதறாங்க. மோசமா எழுதியிருந்தா யாரு கண்டுக்கப் போறா?"

"டீசல் அறிக்கையைப் படிச்சேன்னு சொன்னீங்களே. சொல்லிக் கையெழுத்தும் போட்டீங்களே."

அப்போதுதான் முதல்முறையாக அளவு நோட்டுகள் இருந்த அலமாரிப் பக்கம் அவர் கண் போனது. பிறகு சிரித்தார். "அந்த நோட்டை வெளிய எடுக்க மாட்டீங்க. எடுத்தா அதுல பதினெட்டு தடைப் புத்தகம் இருக்கு. கூடிப் படிச்சா என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும். நான் வேலை விஷயமா வந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன். மத்தவங்க?" கால்சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலில் நின்று கேட்டார், சத்தியமாகக் கேட்டார்: "கடைசி ஞாயிறு கூட்டம் உண்டுதானே?"

என் தங்கை மேல்முறையீடு செய்தாள்; விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். தடையை உறுதி செய்தால் என் தங்கை வேலை மட்டும் போகாது; செவிலியர் பதிவையே நீக்கிவிடுவார்கள். பிறகு அவள் எந்த ஊரிலும் ஒரு ஊசிகூடப் போட முடியாது. பதினெட்டு வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. அவளைக் காப்பாற்ற உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அது என் அலமாரியில் இருந்தது. அதைத் தொட்டால் நான்கு பேரும் மாட்டுவோம்.

விசாரணைக்கு முந்தைய ஞாயிறு மூன்று பேரையும் கூப்பிட்டேன். மெஷின் ஓடவில்லை. நோட்டை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

ஓட்டுநர் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க. வீட்டுல கேட்டா வெளக்கமாத்தை எடுப்பா. ஆனா படிச்சது படிச்சதுதானே? குடுத்துடுங்க. முப்பத்தொண்ணாம் பக்கத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினதே அந்தப் பொண்ணுதான்" என்று சொல்லி என் தங்கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

பேராசிரியர் பேசினார். இருபது நிமிடம் பேசினார். தனிமனிதத் தியாகத்துக்கும் இயக்கத்தின் நலனுக்கும் உள்ள உறவு பற்றிப் பேசினார். பக்க எண் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "நோட்டு போகட்டும்மா. நான் தடுக்கல. ஆனா நான் அடுத்த வருஷம் துறைத் தலைவர் ஆகணும். என் பக்கத்தை மட்டும் கிழிச்சிடலாமே?"

"எல்லாப் பக்கத்துலயும் நீங்க இருக்கீங்க சார். பக்கத்துக்கெல்லாம் எண் போட்டிருக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் பொய் நோட்டுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"அப்ப பேரையும் கையெழுத்தையும் மட்டும்…"

ஆறாம் புத்தகத்தில், சித்திரவதைக்கு நடுவிலும் நண்பர்களைக் காட்டிக்கொடுக்காத ஒருத்தியைப் பற்றி இதே வாய் ஒன்றரை மணி நேரம் பேசியது. நான் எழுதிக் கை வலித்தது. எழுதச் சொன்னது யார், கையெழுத்துப் போடச் சொன்னது யார், வரலாறு கேக்கும் என்றது யார் என்று கேட்டிருக்கலாம். என் தங்கை மெதுவாகச் சொன்னாள்: "வெட்டிக்கட்டும்க்கா. யாரையும் கட்டாயப்படுத்தி எனக்கு வேலை வேண்டாம்."

நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை அவர் முன்னால் வைத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே ஒருத்தி ஷட்டரைத் தட்டி, நாளைக்குக் கல்யாணம், ரவிக்கைக் கொக்கி பிய்ந்துவிட்டது என்று நின்றாள். வாசலிலேயே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த மனுஷன் தன் பெயரை வெட்டி எடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்தபோது பத்தொன்பது சதுரங்களையும் நறுக்கென்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல கை. ஓரம் பிசிறில்லாமல் வெட்டியிருந்தார். நான் நோட்டை மூடித் துணிப்பையில் வைத்துக் கட்டினேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடம் தைக்கிறேன். வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாள் நான் சொல்வது, துணியைத் திருப்பிப் பார்க்காமல் கத்தரியை வைக்காதே என்பதுதான். அன்றைக்கு என் புத்தி எங்கே போயிருந்தது?

விசாரணை அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் தலைவி. ஓரத்து நாற்காலியில் அடிக்கோடு, மடியில் கோப்பு, காதில் பென்சில். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். ஓட்டுநர் தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பின்னால் சுவரோரம் நின்றார்.

"உங்க ஆய்வு வாசகரே அந்தச் சம்பவம் உண்மைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா" என்றேன். "எங்களுக்கு என்ன தண்டனையோ குடுங்க. இதை மட்டும் படிச்சுப் பாருங்க. பக்கம் பத்தொம்போது."

அடிக்கோடு வெலவெலத்துப் போனார். அதை நான் கண்ணால் பார்த்தேன். நான் நோட்டை எடுத்து வருவேன் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கையிலிருந்த கோப்பு சரிந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும் என்றிருந்தது.

தலைவி பக்கத்தைத் திருப்பினார். படித்தார். பிறகு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தாளில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, பேராசிரியரின் கருத்துக்குக் கீழே. இன்னொன்று, அடிக்கோடு சொன்னதற்குக் கீழே, அவர் கையெழுத்து இருந்த இடத்தில். அந்த ஓட்டை வழியாகத் தலைவியின் கண்ணாடி தெரிந்தது.

எனக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினெட்டாம் புத்தகத்துக்கு அதே தாளின் முன்பக்கத்தில் பேராசிரியர் போட்ட கையெழுத்து, சுழித்து, வளைத்து, இரண்டு வரியை அடைத்துக்கொண்டு. அதை வெட்டி எடுத்திருக்கிறார். அதன் முதுகில் என் தங்கையின் உயிர் இருந்தது. தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. தன் பெயருக்குப் பின்னால் வேறு என்ன இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

"எழுத்து யாரோடது?" என்றார் தலைவி.

"என்னோடது."

"கையெழுத்து?"

நான் அந்த ஓட்டையின் மேல் விரலை வைத்தேன். தலைவி ஓரத்து நாற்காலியைப் பார்த்தார். "இது நீங்க சொன்னதா?"

அடிக்கோடு எழுந்து வந்து குனிந்து படித்தார். நிதானமாக, இரண்டு முறை. முகத்தில் ரத்தம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "கண்காணிக்கிறதுக்காக நான் அங்க போனது உண்மைங்க. இப்படி நான் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தார்.

"சொன்னாரு!" பின்னால் இருந்து ஓட்டுநர் தம்பி. "நான் பக்கத்துலதான் இருந்தேன். இந்தக் காதால கேட்டேன். என் பேரு அதுலயே இருக்கு, முழுசா இருக்கு, பாருங்க. நான் வெட்டல."

தலைவி பெயரைத் தேடிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "எந்த டெப்போல வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். ஓட்டுநர் தம்பி சொன்னார். பணி எண்ணையும் கேட்டார். அதையும் சொன்னார்.

கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். தடை உறுதி. செவிலியர் பதிவு நீக்கம். நோட்டு பறிமுதல். கூடிப் படித்ததற்கு எங்கள் மூன்று பேருக்கும் அடுத்த வாரம் விசாரணை. என் தங்கை கேட்டது ஒன்றுதான்: "அந்த ஏழு புள்ளைங்களும் எப்படிச் செத்துச்சுன்னு எழுதிக்கப் போறீங்க?" அது இந்த விசாரணைக்கு உட்பட்ட விஷயம் இல்லை என்றார்கள்.

வெளியே படிக்கட்டுக்குக் கீழே, மர நிழலில் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை; ஆனால் வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"என்னம்மா ஆச்சு? என் பேரு வந்துச்சா?"

என் பக்கத்தில் என் தங்கை நின்றாள். அடையாள அட்டையை உள்ளேயே கழற்றி வாங்கிவிட்டார்கள்; அதன் நாடா மட்டும் அவள் கழுத்தில் தொங்கியது. அவளுக்குப் பின்னால் ஓட்டுநர் தம்பி, வீட்டுக்குச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு நின்றார். இருவரையும் அந்த மனுஷன் பார்க்கவே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரல சார்" என்றேன்.

"அப்பாடா" என்றார்.